சாறு பூட்டும் கதை

ஹெரால்ட் மெக்கீ வேதியியலாளர் அல்ல, தொழில்முறைச் சமையற்காரரும் அல்ல. கவிஞர் கீட்ஸைப் பற்றி ஆய்வு செய்து யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ‘ஆன் ஃபுட் அண்ட் குக்கிங்’ நூலைச் சமையலறை அறிவியல் என்று நினைத்துத் திறப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். எனக்கோ அந்த நூலுக்குள் நுழைய இதுதான் சாவி. 1984-இல் வெளிவந்து, 2004-இல் ஏறத்தாழ முழுவதுமாகத் திருத்தி எழுதப்பட்ட அந்தத் தலையணைப் புத்தகத்தை ஓர் இலக்கிய விமர்சகரின் நூலாகவே நான் வாசிக்கிறேன். அவர் கையில் எடுத்திருக்கும் பிரதி, சமையல் குறிப்பு. அதில் எது செயல், எது காரணம், எது வெறும் உருவகம் என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார். இறைச்சியைப் பற்றிய அத்தியாயத்தில் இந்த வாசிப்பு மிகக் கூர்மையாக நடக்கிறது.

ஸ்டேக் செய்வது பார்வைக்கு எளிய வேலை. நாருக்குக் குறுக்கே கனமாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டு, உப்பு, நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டி, சில நிமிடங்கள். குறிப்பாக எழுதினால் நாலு வரி. ஆனால் அந்த நாலு வரியில் ஒன்று பெரும்பாலும் இப்படி இருக்கும்: முதலில் அதிகச் சூட்டில் மேற்புறத்தை வறுத்துவிடுங்கள், அப்போதுதான் சாறு உள்ளேயே பூட்டப்படும்.

இந்த வரிக்கு ஊர், பேர் எல்லாம் இருக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக், உணவின் வேதியியல் பற்றி 1847-இல் எழுதிய நூலில், இறைச்சியை முதலிலேயே கடும் சூட்டில் இட்டால் மேற்பரப்பின் புரதம் உறைந்து ஓடுபோல ஆகிவிடும், சாறு வெளியேறாது என்றார். அவர் சொன்னது கொதிநீரில் வேகும் இறைச்சியைப் பற்றி. சமையல் நூல்கள் அதை வறுவலுக்கும் சுடுவதற்கும் நீட்டித்துக்கொண்டன. பிரெஞ்சுச் சமையலின் பெரியவர் எஸ்கோஃபியே 1903-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலிலும் இந்த ஓடு இருக்கிறது.

மெக்கீ இதை மறுக்கும் விதம் எனக்குப் பிடித்தமானது. கருவி எதுவும் வேண்டாம், காது போதும் என்கிறார். சட்டியில் ஸ்டேக் விழுந்ததும் ‘சொர்ர்’ என்று ஒரு சத்தம் வருகிறதே, அது இறைச்சியிலிருந்து கசியும் நீர் சூடான இரும்பில் பட்டு ஆவியாகும் சத்தம். மேற்புறம் பழுப்பாகி மொறுமொறுப்பான பிறகும் சத்தம் நிற்பதில்லை. பூட்டியிருந்தால் நின்றிருக்கணுமே?

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுபவன். பழைய கோடில் அடிக்கடி ஒன்றைப் பார்ப்போம்: கோடு சரியாக ஓடும், அதன் மேலே எழுதியிருக்கும் கமெண்ட் பொய் சொல்லும். லீபிக்கின் வரி அப்படிப்பட்ட கமெண்ட். அதிகச் சூட்டில் வறுப்பது சரியான செயல்தான். காரணம் மட்டும் வேறு. 1912-இல் லூயி கமீல் மயார் விவரித்த வினை அது. அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சூட்டில் கூடி, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணங்களையும் உண்டாக்குகின்றன. நாம் வறுப்பது சுவைக்காக. சாறு எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பது துண்டின் உட்புற வெப்பநிலை. அது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, தசைநார்களைச் சுற்றியுள்ள கொலாஜன் உறைகள் சுருங்கிச் சாற்றைப் பிழியத் தொடங்குகின்றன. மேலே எவ்வளவு அழகான ஓடு இருந்தாலும் 70 டிகிரிக்குப் போன ஸ்டேக் வறண்டுதான் இருக்கும்.

“செயல் சரின்னா காரணம் எதுவா இருந்தா என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பொய்க் காரணம், அடுத்து என்ன யோசிக்கலாம் என்பதைத் தடுத்துவிடுகிறது. சாறு பூட்டப்படுகிறது என்று நம்புகிறவர் முதலில்தான் வறுப்பார், தெர்மாமீட்டர் குத்தப் பயப்படுவார், ஒரே ஒரு முறைதான் திருப்புவார். காரணத்தைத் திருத்தியதும் வரிசையையே தலைகீழாக்கலாம். கெஞ்சி லோபெஸ்-ஆல்ட்டின் ‘த ஃபுட் லேப்’ (2015) பரிந்துரைக்கும் முறை அதுதான். கனமான துண்டை 110, 120 டிகிரி அவனில் மெதுவாக வைத்து, உட்புறம் 50 டிகிரியை நெருங்கியதும் எடுத்து, கொதிக்கிற சட்டியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் வறுப்பது. அவனில் மேற்புறம் உலர்ந்துவிடுவதால் சட்டியில் சீக்கிரம் பழுப்பாகிறது. உள்ளே ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே பதம். லீபிக்கை நம்பும் வீட்டில் இந்த முறை யாருக்கும் தோன்றியிருக்காது.

மசாலா தடவி ஊறவைப்பதிலும் இதே கதை, திசை மட்டும் மாறுகிறது. வறுக்கும்போது உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது என்கிறோம். ஊறவைக்கும்போது வெளியே இருப்பது உள்ளே இறங்கணும் என்கிறோம். இரண்டு கற்பனையிலும் இறைச்சி கதவு வைத்த வீடு. உண்மையில் எலுமிச்சையோ வினிகரோ இரவு முழுக்க வைத்தாலும் சில மில்லிமீட்டர்தான் போகும், மேற்புறத்தைக் குழைத்துப் புளிக்க வைக்கும். எண்ணெயும் பூண்டும் பெரும்பாலும் வெளியிலேயே நிற்கும். நம் வீடுகளில் முற்றின கறிக்குப் பப்பாளிக்காய் அரைத்துப் போடுவோமே, அதிலிருக்கும் பப்பாயின் நொதியும் ஆழம் போகாது. அது மும்முரமாக வேலை செய்வதே அடுப்பில் சூடேறும்போதுதான். நிஜமாகவே உள்ளே போவது உப்பு. முதல் சில நிமிடங்களில் நீரை வெளியே இழுக்கும், பிறகு அந்த உப்புநீர் திரும்ப உறிஞ்சப்படும். முக்கால் மணி நேரம் கொடுக்கலாம், அல்லது சட்டியில் போடும் கணத்தில் உப்பிடலாம். இடைப்பட்ட நேரம்தான் மோசம், மேற்புறம் ஈரமாக நிற்கும். ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது, மயார் வினை காத்திருக்கும். ஊறவைத்ததைத் துணியால் ஒற்றிவிட்டுத்தான் சட்டியில் போடணும்.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் பூட்டும் கதை சாகவில்லை. ஏன்? மெக்கீயிடம் எனக்குப் போதாமல் படுவது இங்கேதான். அவர் பிழையைத் திருத்திவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறார். அந்தப் பிழை மீது நமக்கிருக்கும் ஆசையை அவர் வாசிப்பதில்லை. அதற்கு ரோலான் பார்த் வேண்டும். 1957-இல் வெளிவந்த ‘மித்தாலஜீஸ்’ நூலில் ஸ்டேக்கையும் உருளைக்கிழங்கு வறுவலையும் பற்றிச் சில பக்கங்களே கொண்ட கட்டுரை ஒன்று உண்டு. ஸ்டேக்கின் மதிப்பே அதன் இரத்தத்தில் இருக்கிறது, அதைத் தின்பவன் காளையின் வலுவைத் தின்பதாக உணர்கிறான் என்று பார்த் காட்டுகிறார். தட்டில் கசியும் சிவப்பு இரத்தமே அல்ல, மயோகுளோபின் கலந்த நீர் என்று மெக்கீயின் வாசகர் குறுக்கிடலாம். பார்த்துக்கு அது பொருட்டில்லை. அவர் எழுதுவது தட்டில் இருப்பதைப் பற்றி அல்ல, தின்பவர் தலைக்குள் இருப்பதைப் பற்றி.

இந்த இடத்திலிருந்து லீபிக்கைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. இறைச்சியின் சத்தெல்லாம் சாற்றில் இருக்கிறது என்பதே அவருடைய அடிப்படை நம்பிக்கை. 1865-இல் அவர் பெயரில் நிறுவனம் தொடங்கி, உருகுவேயின் ஃப்ரே பெண்டோஸில் மாட்டிறைச்சியைக் காய்ச்சி வடித்த சாரத்தை உலகெங்கும் விற்றார்கள். அதில் ஊட்டம் மிகக் குறைவு என்று பின்னால் தெரிந்தது. ஆக, பூட்டப்பட வேண்டிய ‘சாறு’ முதலிலிருந்தே வெறும் நீராக இருக்கவில்லை. உயிரின் சாரம், அதை இழந்துவிடக்கூடாது என்ற பயம், அதைப் பத்திரப்படுத்தும் சாமர்த்தியம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடைந்துகிடக்கின்றன. அதனால்தான் அது இவ்வளவு தாங்குகிறது. ஒரு வாக்கியத்தை உண்மை மட்டும் உயிரோடு வைத்திருப்பதில்லை. பிழை என்று நிரூபித்துவிட்டால் விமர்சனம் முடிந்துவிட்டது என்று நம்பும் என்னைப் போன்ற பொறியியல் மூளைகளுக்கு இது கொஞ்சம் கசப்பான பாடம்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கச் சொல்வேன். பார்த்தை மட்டும் வாசித்தால் ஸ்டேக் பற்றி அருமையாகப் பேசலாம், சட்டியில் கருகவிடலாம். மெக்கீயை மட்டும் வாசித்தால் ஸ்டேக் 55 டிகிரியில் கச்சிதமாக வரும். ஆனால் தட்டில் சிவப்பைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளித்தால், “அது இரத்தம் இல்லீங்க, மயோகுளோபின்” என்று விளக்குவோம். விளக்கம் சரியாக இருக்கும். அவர் தட்டைத் தள்ளிவைத்துவிடுவார்.