பெட்டிக்குள் 92 சிசி: நகல் செயின்சாவைக் கட்டி ஓட்டினால்

பெட்டியைத் திறந்தால் செயின்சா இருக்காது. பாலித்தீன் பைகளில் கிராங்க், இரண்டு பாதியாகப் பிரிந்த கிராங்க் கேஸ், பிஸ்டன், சிலிண்டர், கார்புரேட்டர், எது எங்கே போகும் என்று தெரியாத ஸ்க்ரூ குவியல் ஆகியவைதான் இருக்கும். சீனாவின் ஃபார்மர்டெக் நிறுவனம் விற்கும் 660 ரகக் கிட், அமெரிக்கா, கனடாவின் வீட்டு கேரேஜ்களுக்கு இந்தக் கோலத்தில்தான் வந்து சேர்கிறது. பொருத்தும் முறையைச் சொல்லும் புத்தகம் உள்ளே கிடையாது. வாங்கியவர்கள் நம்புவது, ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனம் தன் மெக்கானிக்குகளுக்காக எழுதிய எம்எஸ் 660 சர்வீஸ் மேனுவலைத்தான். நகலுக்குப் பாடம் எடுக்கும் வாத்தியார் அசல்.

அந்த அசல் சாதாரண மெஷின் அல்ல. 91.6 சிசி, 54 மில்லிமீட்டர் போர், 5.2 கிலோவாட் சக்தி. சங்கிலி ஓடும் பார் இல்லாமலே ஏழு கிலோவுக்குச் சற்று மேல் எடை. மூன்றடி நீளப் பார் மாட்டி, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் பெருமரங்களை அறுத்த ரகம். நகல்காரர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதன் மூதாதையான 066 மாடல் 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தது; காப்புரிமையின் ஆயுளோ 20 ஆண்டு. போதாக்குறைக்கு, உள்ளே கணினிச் சில்லு எதுவும் இல்லை. கார்புரேட்டரில் மூன்று ஸ்க்ரூ, இக்னிஷனுக்கு ஒரு காயில், அவ்வளவுதான். ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 372 எக்ஸ்பி நகலெடுக்கப்பட்டதும் இதே கணக்கில்தான்.

வடிவத்துக்கான காப்புரிமை காலாவதியாகும். வணிகப் பெயருக்கும் நிறத்துக்கும் உள்ள உரிமை அப்படிக் காலாவதியாவதில்லை. ஸ்டிலின் ஆரஞ்சும் சாம்பலும் பதிவுபெற்ற அடையாளங்கள். அதனால்தான் ஃபார்மர்டெக் முழுதாகக் கட்டி விற்கும் ஹோல்ஸ்ஃபார்மா ஜி660 நீல நிறத்தில் வருகிறது. சொந்தப் பெயரில், சொந்த நிறத்தில் வரும் இந்த நகல் வேறு. ஆரஞ்சு பூசி, ஸ்டில் என்றே அச்சடித்துச் சந்தையில் தள்ளப்படும் போலி வேறு. இரண்டாவது அப்பட்டமான மோசடி. விலை எவ்வளவு குறைந்தாலும் அதைத் தொடவே கூடாது.

கட்டும் வேலைக்கு வருவோம். டி27 நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவர் ஒன்று இருந்தால் பெரும்பாலான ஸ்க்ரூக்களை முடித்துவிடலாம். மக்னீசியக் கேஸைச் சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீஸரில் குளிரவைத்தால் சுத்தியல் இல்லாமலே உட்காரும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ஃபிளைவீலுக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இடைவெளி வைக்கலாம். கிளட்சின் மரை எதிர்த்திருகு. கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போனவர்கள் ஏராளம். கை பழகியவருக்கு ஒரு வார இறுதி வேலை.

சிக்கல் பொருத்துவதில் இல்லை, பரிசோதிப்பதில் இருக்கிறது. நகல் பாகங்கள் எல்லாமே மட்டம் என்பது தவறு. ஒன்று போல இன்னொன்று இருக்காது என்பதே அவற்றின் குறை. ஒரு சிலிண்டரின் உட்பூச்சு பளிங்காக இருக்கும். அடுத்த பெட்டியில் வருவதில் போர்ட் ஓரங்கள் பிளேடு போல நிற்கும். அந்த ஓரத்தை மழுக்காமல் ஓட்டினால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது சிலிண்டர் தலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. பல நகல்களில் அது தாராளமாக விட்டிருக்கும். கம்ப்ரெஷன் அங்கேயே கோட்டைவிடப்படும். பிளக் துளை வழியாக ஒரு ஸோல்டர் கம்பியை விட்டு, கிராங்கைச் சுற்றி, நசுங்கிய முனையை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது சில காசு பெறுமான ஒரு கம்பி வளையம். பிஸ்டனைக் கிராங்கின் தண்டோடு இணைக்கும் கஜன் பின் நகராமல் பிடிக்கும் லாக் அது. முழு வேகத்தில் கழன்றால் சிலிண்டர் சுவரை உழுதுவிடும். அனுபவசாலிகள் பெட்டியில் வந்த லாக்கைக் குப்பையில் போட்டுவிட்டு அசலை வாங்கிப் போடுகிறார்கள். கூடவே இத்தாலியின் கேபர் ரிங், நல்ல ஆயில் சீல், எரிபொருள் குழாய். இங்கேதான் நகலின் பெரிய வரப்பிரசாதம் தெரிகிறது: அசலுக்கான பாகம் அப்படியே இதில் உட்காரும். மலிவாகத் தொடங்கி, தேவையான இடத்தில் மட்டும் நல்லதைப் போட்டுக்கொண்டே போகலாம்.

இன்ஜினை மூடியதும் பெட்ரோல் ஊற்றும் அவசரம் வரும். அதற்கு முன் பிரெஷர் டெஸ்ட் முடிந்திருக்க வேண்டும். 0.5 பார் அழுத்தம் ஏற்றினால் 20 விநாடியாவது இறங்காமல் நிற்க வேண்டும்; பிறகு வேக்யூமிலும் ஒரு முறை. எங்காவது சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். புது நகல்கள் ஜாம் ஆகிச் சாவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. விற்பவரைத் திட்டுபவர்களில் பலர், இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாதவர்கள்.

சரியாகக் கட்டியது எப்படி ஓடும்? வியக்கும்படி நன்றாகவே ஓடும். கார்புரேட்டரின் ஹை ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து, பெட்ரோல் கூடுதலாகப் போகும்படி வைத்து, சில டேங்க் ஓட்டிப் பழக்கினால், தடித்த கட்டையிலும் வேகம் விழாமல் அறுக்கும். அலாஸ்கன் மில் என்ற சட்டத்தை மாட்டி, கட்டையை நீளவாக்கில் பலகையாக அறுப்பவர்களிடம் இந்த நகல் பிரபலமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அது நிமிடக்கணக்காக முழு திராட்டிலில் இன்ஜினை வதைக்கும் வேலை. 1,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய, 660இன் வாரிசான எம்எஸ் 661ஐ அதில் போட்டு வாட்டுவதைவிட, அந்த விலையில் நாலில் ஒரு பங்கு போலச் செலவான மெஷினை வாட்டுவதில் மனசு உறுத்தாது.

ஆனால் கையில் பிடித்து நாள் முழுக்க மரம் வெட்டினால் கதை மாறும். பிராண்டுக்குக் கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்பதை உள்ளங்கை சொல்லும். 1960களிலேயே ஸ்டில் அதிர்வுத் தடுப்புக் கைப்பிடியைக் கொண்டுவந்துவிட்டது. அதிர்வால் மரம்வெட்டிகளின் விரல்கள் ரத்த ஓட்டம் குறைந்து வெளிறிப்போகும் நோய்தான் அந்தத் தேவையை உண்டாக்கியது. நகலின் ரப்பர் தாங்கிகள் பார்வைக்கு அதே அச்சு. ரப்பரின் இளக்கம் மட்டும் வேறு.

செயின் பிரேக் இன்னும் முக்கியம். பார் முனை மேல்பகுதி கட்டையில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். விநாடிக்கு இருபது மீட்டரைத் தாண்டும் வேகத்தில் சுற்றும் சங்கிலியை, கண்ணிமைப்பதற்குள் நிறுத்த வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஸ்டிலும் ஹஸ்க்வர்னாவும் அடுத்தடுத்துக் கொண்டுவந்த பாதுகாப்பு இது. அந்தப் பிரேக்கின் பட்டையும் ஸ்பிரிங்கும் எந்தத் தரம் என்று தெரியாத மெஷினோடு ஏணியில் ஏறுவது தைரியம் அல்ல, அசட்டுத்தனம். இன்ஜினில் மிச்சம் பிடிக்கலாம், பிரேக்கில் கூடாது. பட்டையையும் ஸ்பிரிங்கையும் அசலாகவே போட்டுவிடுவது உத்தமம்.

பிராண்டின் பக்கமும் ஒரு குறை உண்டு. எம்எஸ் 661இன் எம்-ட்ரானிக் பதிப்பு காற்று-பெட்ரோல் கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். மலை ஏறினாலும் இறங்கினாலும் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம். ஆனால் கெட்டுப்போனால் டீலரிடமே போக வேண்டும். காட்டின் நடுவே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து சரிசெய்யும் சுகம், பழைய வடிவத்தின் நகலில் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

இந்தியச் சந்தையில் ஆன்லைனில் பல பெயர்களில் குவியும் 58 சிசி, 22 அங்குல செயின்சாக்களும் நகல் வம்சமே. ஜப்பானின் ஸெனோவா நிறுவனத்தின் பழைய வடிவங்களைத் தழுவியவை. அந்த ஸெனோவாவையே பின்னர் ஹஸ்க்வர்னா வாங்கிவிட்டது வேறு கதை. தோப்பில் எப்போதாவது விழுந்த மரத்தை அறுக்க இவை போதும். கூலிக்கு மரம் அறுத்துப் பிழைப்பவர், பக்கத்து ஊரில் சர்வீஸ் உள்ள பிராண்டை வாங்குவதே லாபம். மெஷின் நின்ற நாளில் அவருக்கும் கூலி நின்றுவிடும்.

நகலை எந்த வடிவில் வாங்கினாலும், கூட வரும் சங்கிலியை மாற்றிவிடுங்கள். இரும்பு மென்மையானது, கூர் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய சங்கிலி இன்ஜினையும் சூடாக்கும், அறுப்பவரையும் அழுத்தித் தள்ள வைக்கும். கட்டையிலிருந்து சீவல் விழாமல் மாவுபோல் தூள் கொட்டினால், குறை இன்ஜினில் அல்ல. முதலில் அரத்தை எடுங்கள்.