மண் தின்றது போக மிச்சம்

பெங்களூரில் அஸ்திவாரம் தோண்டும்போது பழைய கைக்கடிகாரம் ஒன்று அகப்பட்டால், அது எச்.எம்.டி.யாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-ல் ஜாலஹள்ளியில் தொடங்கிய தொழிற்சாலை அது. கிடைத்ததன் வயதைக் கணிப்பதில் தனிச் சுவை உண்டு. ஆனால் எடுத்த எடுப்பில் ஓர் ஆண்டைத் தேடாதீர்கள். 'இதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது' என்ற கோட்டை ஒவ்வொரு தடயமாகப் பார்த்துப் போடுங்கள்.

முதல் விதி: சாவி கொடுக்கக் கூடாது. துருவேறிய சுருள்வில் முறியும். உள்ளே புகுந்த மணல் பல்சக்கரங்களை அரைக்கும். உலர்ந்த மெல்லிய பிரஷ் போதும். எண்களின் மேல் பழுப்பேறிய ஒளிர்பூச்சு தெரிந்தால் சுரண்ட வேண்டாம். பழைய வெளிநாட்டுக் கடிகாரங்களில் அது ரேடியமாக இருக்கலாம்.

அடுத்து உறை. விலை குறைந்த கடிகாரங்கள் பலவற்றின் உறை, குரோம் முலாம் பூசிய பித்தளை. ஈர மண்ணில் முலாம் உரிந்து பித்தளை பச்சை பூத்துவிடும். எவர்சில்வர் பின்மூடி அவ்வளவு எளிதில் அழியாது. எழுத்துகளையும் எண்களையும் அங்கே தேடுங்கள். சாய்த்துப் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் தேய்ந்த பொறிப்பும் எழும்பி நிற்கும்.

டயலில் எச்.எம்.டி.யோடு 'சிட்டிசன்' பெயரும் இருந்தால் தொழிற்சாலையின் ஆரம்ப காலம் என்று கொள்ளலாம். 'ஜனதா' என்ற பெயர் மட்டும் போதாது. அந்த மாடல் பல பத்தாண்டுகள் விற்றது. 'வெஸ்ட் எண்ட்' என்றிருந்தால் அது சுவிஸ் சரக்கு. வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்தியாவில் பேர்போனது.

பின்மூடியைத் திறக்கும் வேலையை வாட்ச் ரிப்பேர்காரரிடம் விடுங்கள். உள்ளே குவார்ட்ஸ் இயந்திரம் இருந்தால் கேள்வி பாதி முடிந்தது: உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை செய்கோ விற்றதே 1969 டிசம்பரில்தான். சாவி கொடுக்கும் வகையென்றால் லென்ஸ் வழியே பாருங்கள். இரும்பெல்லாம் செங்கல்பொடியாகியிருக்க, அச்சுகளைத் தாங்கும் செயற்கை மாணிக்கக் கற்கள் மட்டும் சிவப்பு மாறாமல் மின்னும். டயலில் '17 ஜுவல்ஸ்' என்று போட்டிருப்பது இவற்றைத்தான்.

பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லையா? பழைய இயந்திரத்தின் மேல் புது டயல் இருந்தால், யாரோ ரிப்பேர் செய்து கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பொருள். பிறந்த காலத்தைப் பழைய பாகம் சொல்லும். புதைந்த காலத்துக்கோ ஆகப் புதிய பாகமே கணக்கு. கூடவே கிடைத்த காசையும் விடாதீர்கள். 'நயா பைசா' 1957-ல் வந்தது. 'நயா' 1964-ல் போனது. கலையாத ஒரே மண்ணடுக்கில் 1972-ம் ஆண்டுக் காசும் கடிகாரமும் கிடந்தால், அதற்கு முன் அது அங்கே புதைந்திருக்காது.

இத்தனைக்கும் பிறகு 'அறுபதுகளில் செய்தது, 1972-க்குப் பின் தொலைந்தது' என்று சொல்ல முடிந்தால் போதும். ஆதாரமில்லாத ஒற்றைத் தேதியைவிட அது கனமான பதில்.