நின்ற பந்தின் அழகு

மலைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று திருவண்ணாமலையில் ஒரு பேச்சு உண்டு. கிழக்கே பெரிய கோயில், ராஜகோபுரம், கடைவீதி, பேருந்து நிலையம். அது முன்பக்கம். கிரிவலப் பாதையில் ஏறக்குறைய பாதி நடந்ததும் வருகிற எங்கள் அடி அண்ணாமலை பின்பக்கம். இங்கே பிறந்தவனுக்கோ இதுதான் மலையின் முகம். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் இது என்பது எங்கள் நம்பிக்கை. அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. எதையும் இந்தப் பக்கம் நின்று பார்க்கிற பழக்கம் எனக்குக் கால்பந்திலும் ஒட்டிக்கொண்டது. கோப்பையைத் தூக்கியவர்களோடு சேர்ந்து ஓர் இறுதிப் போட்டியைப் பார்ப்பது எளிது. தோற்றவர்களின் பெஞ்சிலிருந்து பார்த்தால் அதே தொண்ணூறு நிமிடம் வேறு ஆட்டமாகத் தெரியும்.

2015 டிசம்பர் 20 அப்படிப்பட்ட ஒரு நாள். ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில் எழ வேண்டியவர்கள் நேரத்தோடு படுத்துவிட்ட ஊரில், சில வீடுகளில் மட்டும் டிவி ஓடியது. கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக்கின் இரண்டாம் ஆண்டு இறுதிப் போட்டி. எஃப்.சி. கோவாவும் சென்னையின் எஃப்.சி.யும். அந்த மாதத் தொடக்கத்தில்தான் சென்னை வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. அரையிறுதியின் முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் ஆட முடியாமல், புனேவுக்குப் போய் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று வென்று வந்த அணி நம்முடையது. லீக் சுற்றின் ஒரு கட்டத்தில் அட்டவணையின் அடியில் கிடந்த அணியும் இதுதான். ஆகவே தமிழ்நாட்டில் யாருக்கும் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் இல்லை. எனக்கும் இல்லை. ஆனால் கண் மட்டும் அடிக்கடி எதிரணியின் பெஞ்சுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கோவாவின் பயிற்சியாளராக நின்றவர் ஜிகோ.

ஜிகோ யார் என்று சொல்ல 1981-க்குப் போக வேண்டும். தென் அமெரிக்கக் கழகங்களுக்கான கோபா லிபர்டடோரஸ் கோப்பை 1960-ல் தொடங்கியது. இருபது ஆண்டுகள் அர்ஜென்டினாவும் உருகுவேயும் பெரும்பாலும் பங்கு போட்டுக்கொண்ட அந்தக் கோப்பையின் இறுதிக்கு 1981-ல் ரியோ டி ஜெனிரோவின் பிளமெங்கோ முதன்முறையாக வந்தது. எதிரே சிலியின் கோப்ரெலோவா. அட்டகாமா பாலைவனத்தில், தாமிரச் சுரங்கத்தை நம்பி வாழும் கலாமா நகரத்து அணி. 1977-ல் தொடங்கி நான்கே ஆண்டுகளில் கண்டத்தின் இறுதிப் போட்டியில் நின்றது. அந்த அணியின் கதையும் எழுதப்பட வேண்டிய கதை. அடுத்த ஆண்டும் இறுதிக்கு வந்து, கடைசி நிமிடத்தில் பெனரோலிடம் தோற்றார்கள்.

அப்போது இறுதி என்பது ஒரே ஆட்டம் அல்ல. ஆளுக்கொரு சொந்த ஊர் ஆட்டம். சமமானால் பொதுவான ஊரில் மூன்றாவது. நவம்பர் 13-ல் மரகானாவில் பிளமெங்கோ 2-1. இரண்டும் ஜிகோ. நவம்பர் 20-ல் சாண்டியாகோவில் மெரெல்லோவின் ஒரே கோலில் கோப்ரெலோவா வென்றது. அந்த ஆட்டத்தில் பந்தைவிட ஆளை உதைத்ததே அதிகம்; பிளமெங்கோவின் லிகோவும் அடிலியோவும் முகத்தில் காயத்தோடு திரும்பினார்கள். மூன்றே நாள் கழித்து, நவம்பர் 23-ல், உருகுவேயின் மான்டிவிடியோவில் மூன்றாம் ஆட்டம். பழைய கணக்கைத் தீர்க்கவே பிளமெங்கோ ஒரு மாற்று ஆட்டக்காரரைக் கடைசி நிமிடங்களில் இறக்கியது. இறங்கினார், குத்தினார், சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இத்தனை வன்மத்துக்கு நடுவில்தான் ஜிகோ இரண்டு கோல் அடித்தார். முதல் பாதியில் ஒன்று. ஆட்டம் முடியும் தறுவாயில் ஃப்ரீ கிக்கில் மற்றொன்று. 2-0. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து பிளமெங்கோவின் நான்கு கோல்களும் அவருடையவை. அடுத்த மாதம் டோக்கியோவில் லிவர்பூலை 3-0 என்று வென்று உலகக் கழகக் கோப்பையையும் அந்த அணி கொண்டுபோனது.

அந்த ஃப்ரீ கிக்கைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஓடுகிற விளையாட்டில் ஃப்ரீ கிக் மட்டும் நிற்கிற இடம். ஒருவர் செய்த தவறுக்கு ஈடாகக் கிடைக்கும் அமைதி அது. இருபத்திரண்டு பேரும் காத்திருக்க, ஒருவர் மட்டும் யோசிக்கிறார். எதிரே 9.15 மீட்டர் தள்ளி எதிரணி ஆட்களின் சுவர். அதற்குப் பின்னால் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரமுள்ள கோல். கோல்கீப்பர் சுவரை நிறுத்தி ஒரு பாதியை அதனிடம் ஒப்படைக்கிறார், மறுபாதியைத் தான் பார்த்துக்கொள்கிறார். உதைப்பவரின் வேலை இதுதான்: அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த அந்தப் பந்தைச் சுவரின் தலைகளுக்கு மேலே ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகு, மிச்சமிருக்கும் சொற்பத் தூரத்துக்குள் அதைக் குறுக்குக் கம்பத்துக்குக் கீழே இறக்கவும் வேண்டும். ஏற்றுவது யாராலும் முடியும். இறக்குவதில்தான் கலை இருக்கிறது.

பந்தின் நடுவில் உதைத்தால் வேகம் கிடைக்கும், சுழற்சி கிடைக்காது. ஓரத்தை வழித்தால் சுழற்சி கிடைக்கும், வேகம் போகும். சுழலும் பந்து தன்னோடு கொஞ்சம் காற்றையும் இழுத்துச் சுற்றுகிறது. ஒரு பக்கம் அழுத்தம் குறைய, பந்து அந்தப் பக்கம் சாய்கிறது. இதை அறிவியல் பாடத்தில் படிக்கலாம். எவ்வளவு வழிப்பது, எவ்வளவு உதைப்பது என்பதைக் கால் மட்டும்தான் கற்றுக்கொள்ள முடியும். ஜிகோவின் ஓட்டம் குறுகியது. சில எட்டுகள், உடல் லேசாகப் பின்சாயும், வலது காலின் உட்பக்கம், கட்டைவிரல் மூட்டுக்கு அருகில், பந்தைத் தொடும். அடி என்றே தோன்றாது. பயிற்சி முடிந்து மற்றவர்கள் போன பிறகு, கோல் கம்பத்தின் மேல் மூலையில் ஒரு சட்டையைத் தொங்கவிட்டு அதையே குறிவைத்து உதைத்துக்கொண்டிருப்பார் என்று பிரேசிலில் சொல்வார்கள். 1982 உலகக் கோப்பையில் செவில் நகரில் ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக்கைப் பார்த்தால் அந்தக் கதையை நம்பத் தோன்றும். ஸ்காட்லாந்தின் கோல்கீப்பர் ஆலன் ரஃப் பாயவே இல்லை. நின்று பார்த்தார். பாய்வதால் பயன் இல்லை என்று ஒரு நல்ல கோல்கீப்பருக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான பள்ளி ஒன்றும் பிரேசிலில் உண்டு. 1997-ல் பிரான்சின் லியோன் நகரில் ரோபர்டோ கார்லோஸ் இடது காலின் வெளிப்பக்கத்தால் அடித்தது. ஏறக்குறைய முப்பத்தைந்து மீட்டர் தூரம், நீண்ட ஓட்டம், இடி மாதிரி உதை. வெளியே போகிறது என்று எல்லோரும் நினைத்த பந்து வளைந்து உள்ளே வந்தது. உலகமே அதைக் கொண்டாடுகிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஜிகோவைத்தான் எடுப்பேன். கார்லோஸின் உதையில் வியப்பு முந்துகிறது. ஜிகோவுடையதில் முதலில் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். பந்து வலையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான், அது வந்த வழியை மனம் திரும்பப் போய்த் தேடும்.

இந்த இரண்டு பள்ளிகளும் 2015-ல் இந்தியாவில் நேருக்கு நேர் சந்தித்தன என்பதை நம் பத்திரிகைகள் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஆண்டின் மற்றோர் அரையிறுதியில் கோவாவை எதிர்த்தது டெல்லி டைனமோஸ். அதன் பயிற்சியாளர் ரோபர்டோ கார்லோஸ். டெல்லியில் 0-1 என்று தோற்று, ஃபதோர்டாவில் 3-0 என்று வென்று இறுதிக்கு வந்தது கோவா. அந்த அணியில் பத்தாண்டுகள் பிளமெங்கோவுக்கு ஆடிய லியோ மௌராவும், 2002-ல் உலகக் கோப்பை வென்ற லூசியோவும் இருந்தார்கள். சென்னைப் பக்கமும் தென் அமெரிக்கா குறைவில்லை. 2011-ல் லிபர்டடோரஸை வென்ற சாண்டோஸ் அணியில் இருந்த எலானோ. பிரேசிலின் புருனோ பெலிசாரி. கொரிந்தியன்ஸ் கழகத்திலிருந்து வந்த கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா. அந்தத் தொடரில் மெண்டோசா அடித்த கோல்கள் 13.

முதல் பாதி கோல் இல்லாமல் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 54-ஆம் நிமிடத்தில் சென்னைக்குப் பெனால்டி. பெலிசாரி உதைத்தார், கோவாவின் கோல்கீப்பர் லக்ஷ்மிகாந்த் கட்டிமணி பாய்ந்து தடுத்தார், திரும்பி வந்த பந்தை பெலிசாரியே வலைக்குள் தள்ளினார். நான்கே நிமிடத்தில் தோங்கோசியம் ஹௌகிப் சமன் செய்தார். 61-ல் சென்னைக்கு மறுபடி பெனால்டி. இம்முறை மெண்டோசா. கட்டிமணி அதையும் தடுத்தார். ஓர் இறுதிப் போட்டியில், ஏழு நிமிட இடைவெளியில், இரண்டு பெனால்டிகள். அந்த நேரத்தில் ஆட்டம் முடிந்திருந்தால் கோவாவில் அவர் பெயரைத் தெருவுக்கு வைத்திருப்பார்கள்.

87-ஆம் நிமிடம் கோவாவுக்கு ஃப்ரீ கிக். உதைக்க நின்றவர் ஜோஃப்ரே, பார்சிலோனாவில் வளர்ந்த ஸ்பானியர். பந்து சுவரைத் தாண்டி வளைந்து உள்ளே போனது. 2-1. கேமரா பிறகு எதைக் காட்டியதோ, எனக்கு ஜிகோதான் மனதில் ஓடினார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பு மான்டிவிடியோவில் ஒரு கண்டத்தின் கோப்பையை அவர் முடித்துவைத்த அதே முறை. கடைசி நிமிடங்கள், நின்ற பந்து, சுவருக்கு மேலே ஒரு வளைவு. இப்போது உதைக்கும் கால் வேறொருவருடையது. அவர் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். அந்த ஆட்டத்தின் மிக அழகான கணம் இதுதான் என்று அன்றே எனக்குத் தோன்றியது. நம் அணி தோற்கும் நிலையில் இருந்தபோதும் தோன்றியது. ரசனைக்கு ஊர்ப்பற்று கிடையாது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 90-ஆம் நிமிடம், நெருக்கடியில் கட்டிமணியின் கையில் பட்ட பந்து அவருடைய வலைக்குள்ளேயே போனது. 2-2. இரண்டு நிமிடம் கழித்து, காய நேரத்தில், மெண்டோசா. 3-2. கோப்பை சென்னைக்கு. சென்னையின் பயிற்சியாளர் மார்கோ மாட்டராசி மைதானத்துக்குள் ஓடினார், எங்கள் தெருவில் யாரோ பட்டாசு வெடித்தார்கள்.

மெண்டோசாவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பெனால்டியைத் தவறவிட்ட ஒருவர் மீதி அரை மணி நேரமும் ஒளிந்துகொள்ளாமல் ஓடுவது சின்ன காரியம் இல்லை. அவருடைய கலை ஓடும் பந்தின் கலை. கடைசித் தடுப்பாட்டக்காரரின் தோளுக்குப் பின்னால் எந்த நொடியில் கிளம்புவது என்ற கணக்கு அது. களைத்த கால்களுக்கு எதிராக அந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகும். தொண்ணூறாவது நிமிடத்தில் அவரைப் போன்ற ஒருவர் இரண்டு ஆளுக்குச் சமம். ஆனால் கட்டிமணியை யாரும் அந்த ஒரு நிமிடத்தை வைத்து நினைவில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் வேண்டுகோள். அன்று மைதானத்தில் மிகச் சிறப்பாக ஆடியவர்களில் அவர் ஒருவர். கோல்கீப்பரின் வேலை அப்படி: தடுத்தவை எல்லாம் கணக்கில் ஏறாமல் போகும், விட்டது ஒன்று மட்டும் எண்ணாகப் பதிவாகும். இறுதிப் போட்டியை வென்றவர் யார் என்பதும், அதை அழகாக்கியவர் யார் என்பதும் இருவேறு கேள்விகள். 1981-ல் இரண்டுக்கும் ஒரே விடை. 2015-ல் விடைகள் பிரிந்துவிட்டன.

ஜிகோ 2016-ஓடு கோவாவிலிருந்து விடைபெற்றார். சென்னை 2018-ல் பெங்களூருவில் மறுபடி கோப்பை வென்றது, அதே 3-2 கணக்கில், மூன்று கோலும் பிரேசில்காரர்கள் அடித்தவை. கோவா 2019-லும் இறுதிக்கு வந்து தோற்றது.

அதே 2019-ல் பிளமெங்கோ, ஜிகோவின் காலத்துக்குப் பிறகு முதல்முறையாக, லிபர்டடோரஸின் இறுதிக்கு வந்தது. பெரு நாட்டின் லிமா நகரம். ஒரே ஆட்டத்தில் கோப்பை முடிவாகும் புதிய முறையின் முதல் ஆண்டு. நாள் நவம்பர் 23. மான்டிவிடியோவில் ஆடியதும் அதே தேதி. எதிரே அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட். 14-ஆம் நிமிடத்தில் ரிவர் பிளேட்டின் போரே கோல் அடித்தார். 89-ஆம் நிமிடம்வரை 1-0. அப்போது பிளமெங்கோவின் காபிகோல் சமன் செய்தார். காய நேரத்தின் இரண்டாம் நிமிடத்தில் மறுபடி அவரே அடித்தார். 2-1. ஃபதோர்டாவில் ஜிகோவிடமிருந்து பறிபோன கோப்பை எப்படிப் போனதோ, ஏறக்குறைய அதே நிமிடக் கணக்கில் அவருடைய கழகத்துக்கு இன்னொரு கோப்பை வந்து சேர்ந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

லிமா ஆட்டத்தை மறுபடி பார்க்கும்போது நான் காபிகோலுக்காகப் பார்ப்பதில்லை. ரிவர் பிளேட்டின் நடுக்களத்தைப் பார்க்கிறேன். போரேயின் கோலுக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவர்கள் பிளமெங்கோவின் கால்களுக்குப் பந்து வரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்த விதம் ஒரு பாடம். பந்து யாரிடம் போகும் என்று முன்பே தெரிந்ததுபோல அங்கே ஒருவர் நிற்பார். கடைசி கோலில் தலையால் தட்டத் தவறிய ரிவர் பிளேட்டின் தடுப்பாட்டக்காரர் பினோலாவைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய எண்பத்தெட்டு நிமிடங்களில் அவர் எங்கெங்கே நின்றார் என்று பாருங்கள்.