கைகாட்டிப் பலகையும் எழுத்தும்

வழி கூறுதல் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து ஆற்றுப்படைகளே. ஆயினும் ஆற்றுப்படுத்தப்படுவோன் நின்று கேட்பான். மணிக்கு 100 கிலோமீட்டர் விரைவிற் செல்லும் ஓட்டுநனோ ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடுகின்றான். அவன் பொருட்டு எழுத்தை ஆராய்ந்து அமைத்த முயற்சிகளுள் பிரிட்டனில் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

1958-இல் திறக்கப்பெற்ற பிரெஸ்டன் புறவழிச்சாலைக்கு ஜாக் கின்னீரும் மார்கரெட் கால்வெர்ட்டும் பலகைகளை வகுத்தனர். அவர்தம் முறை வோர்பாய்ஸ் குழுவின் 1963-ஆம் ஆண்டு அறிக்கைவழி விரிந்து, 1965 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஊர்ப்பெயரின் முதலெழுத்தைப் பெரிதாகவும் ஏனையவற்றைச் சிற்றெழுத்தாகவும் எழுதினர். மேலும் கீழும் நீளும் கோடுகளாற் சொல் தனிவடிவம் பெறும் என்பது கொள்கை. டேவிட் கிண்டர்ஸ்லி இதனை மறுத்து, முற்றும் பெரிய எழுத்தாலாய வரிவடிவமொன்றை வரைந்தார். பென்சன் விமானத் தளத்தில், காரின் கூரைமேல் ஏற்றிவந்த பலகைகளை அமர்ந்திருந்தோர் படித்துப் பார்த்தபொழுது, இரண்டற்கும் இடையே தோன்றிய வேறுபாடு மிகச் சிறிதே. ஆகலின் அம்முறையின் சிறப்பைச் சிற்றெழுத்தின்மேல் ஏற்றிப் புகழ்தல் பொருந்தாது. எழுத்தின் அளவை முதற்கண் துணிந்து, இடைவெளிகளை எழுத்துக்கோட்டின் பருமனால் அளந்து, பலகையின் நீள அகலங்களை இறுதியிற் பெற்றமையே அதன் உயிர்.

தமிழ்ப் பலகை எழுதுவோர் கொள்ளத்தக்கதும் இதுவே. தமிழிற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பாகுபாடில்லை; சொல்லின் வடிவை உயிர்க்குறிகளும் புள்ளியுமே தருகின்றன. தஞ்சாவூரின் வடக்கே திருவையாறு, கிழக்கே திருவாரூர். முதலிரண்டு எழுத்தும் ஒன்று; மூன்றாவதும் வகரமே; அதன் முன்னோ பின்னோ நிற்கும் குறியொன்றே முதற்கண் வேறுபடுத்துகின்றது. திருச்சிராப்பள்ளியில் மூன்று புள்ளிகள்; நடுவில் ரகரமும் அதனையொத்த காலும் அடுத்தடுத்து நிற்கின்றன. இப்பெயரைக் குறுகிய பலகையில் நெருக்கித் தடித்த கோட்டால் எழுதின் யாதாகும்? ஏடெழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் விடுத்தனர். பதிப்பாசிரியர் யாப்பும் பொருளும் நோக்கி அதனை மீட்டனர். (அவ்வுழைப்பின் அருமையை நம் மாணவர் அறிவர்.) சாலையில் நிற்கும் ஊர்ப்பெயர்க்கு முன்பின் தொடரில்லை, ஓட்டுநனுக்கு ஆராயும் பொழுதுமில்லை.

எனவே தமிழெழுத்தின் உயரத்தை ஆங்கிலப் பேரெழுத்தின் உயரத்தோடு ஒப்பவைத்து அளத்தல் பிழைபடும். குறிகள் நீங்கிய உடலளவு தனியே வரையறுக்கப்பெறல் வேண்டும். புள்ளி கோட்டின் பருமனுக்குக் குறையாதிருத்தல் வேண்டும். மேல்வரியின் உகர ஊகாரச் சுழிகள் கீழ்வரியின் புள்ளியைத் தீண்டாவாறு இடைவெளி விடப்பெறல் வேண்டும்.