ஈடிபஸ் செய்த குற்றம் என்ன?

ஈடிபஸ் ஏன் வீழ்ந்தான் என்று ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவரிடம் கேட்டால் 'அகந்தை' என்று சட்டென்று பதில் வரும். மேக்பெத்துக்குப் பேராசை, ஒத்தெல்லோவுக்குப் பொறாமை, ஹாம்லெட்டுக்குத் தயக்கம். நாடகத்தைத் திறந்தே பார்க்காதவரும் கைடைப் பார்த்து எழுதிவிடக்கூடிய விடைகள் இவை. துன்பியல் நாயகனைப் பற்றிய பாடம் பல வகுப்பறைகளில் இந்தச் சூத்திரத்தோடு தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது: உயர்ந்த மனிதன், அவனிடம் ஒரு குறை, அதனால் வீழ்ச்சி, பார்ப்பவருக்கு இரக்கமும் அச்சமும்.

இந்த முறையால் பயனே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. முதன்முதலாக நாடகம் படிக்க வரும் மாணவர் கதைச் சுருக்கம் எழுதத்தான் பழகியிருப்பார். 'ஏன் இப்படி நடந்தது?' என்று அவரைக் கேட்க வைப்பது இந்தச் சூத்திரம்தான். மேக்பெத்தில் அது நன்றாகவே பொருந்துகிறது. விருந்தாளியாக வந்த அரசனை, உறவினனை, நல்லவனைக் கொல்வது ஏன் தவறு என்று அவனே காரணங்களை அடுக்குகிறான். பேராசையைத் தவிரத் தன்னைத் தூண்டுவது வேறில்லை என்றும் ஒப்புக்கொள்கிறான். பிறகு கொல்கிறான்.

ஈடிபஸிடம் வரும்போதுதான் சூத்திரம் முறிகிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த இ. ஆர். டாட்ஸ் 1966இல் வெளியிட்ட கட்டுரையில் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். சோஃபக்ளீஸின் ஈடிபஸ் நாடகத்தைப் பற்றித் தாம் கேட்ட தேர்வுக் கேள்விக்கு வந்த விடைத்தாள்களிலிருந்தே அவர் தொடங்குகிறார். ஒரு சாரார், ஈடிபஸ் கெட்டவன், அதனால் தெய்வங்கள் தண்டித்தன என்று எழுதியிருந்தார்கள். வேறு சிலர், அவன் விதியின் கைப்பாவை என்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்களுக்கே இந்தக் குழப்பம் இருந்தது என்றால், குறையைப் பாடம் நடத்திய விதத்தில் தேடுவதே சரி.

நாடகம் சொல்வதைப் பார்ப்போம். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று குறி கேட்டவன், அது நடக்கக்கூடாது என்பதற்காகவே பெற்றோர் என்று நம்பியவர்களை விட்டு கொரிந்து நகரத்திலிருந்து விலகிப் போகிறான். முச்சந்தியில் ஒரு வண்டி வருகிறது. தன்னை வழியிலிருந்து தள்ளிய வண்டிக்காரனை அவன் அடிக்க, வண்டியிலிருந்த கிழவர் தார்க்கோலால் அவன் தலையில் அடிக்கிறார். ஆத்திரத்தில் அவரைக் கொன்றுவிடுகிறான். முன்கோபம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்தான் தன் தந்தை என்பது அவனுக்குத் தெரியாது. இவையெல்லாம் நாடகம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே முடிந்தவை. மேடையில் நடப்பது, ஊரைப் பிடித்த கொள்ளைநோய்க்குக் காரணமான அந்தக் கொலையைப் பற்றிய விசாரணை மட்டும்தான். உண்மையை ஊகித்துவிட்ட, அவன் அறியாமல் மணந்த தாய் யொக்காஸ்டா, இதற்குமேல் தேடாதே என்று கெஞ்சுகிறாள். அவன் பிறப்பின் உண்மை தெரிந்த கிழட்டு இடையனும் சொல்லத் தயங்கி மன்றாடுகிறான். கேட்கப்போவது பயங்கரமானது என்று தெரிந்தும் ஈடிபஸ் நிறுத்தவில்லை. கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காக்க உண்மை வேண்டும் என்று நிற்கிறான். அவனை உடைப்பது அவனுடைய மிகச் சிறந்த குணம். அதற்கு 'அகந்தை' என்று பெயர் சூட்டி மதிப்பெண் போடுவது அநியாயம்.

இத்தனைக்கும், இந்தச் சூத்திரத்துக்கான பழி அரிஸ்டாட்டில்மீது போகிறது. அவர் 'ஹமார்ஷியா' என்று சொன்னது, அறியாமல் செய்யும் பெரும் பிழை என்பதே டாட்ஸ் உள்ளிட்ட அறிஞர்கள் பலரின் கருத்து. துன்பியலின் உயிர் கதைப்பின்னல், பாத்திரம் அடுத்ததுதான் என்றும் அரிஸ்டாட்டில் துன்பியலை ஆராயும் தம் நூலில் எழுதியிருக்கிறார். அதே நூலின் 14ஆம் அதிகாரத்தில், கொலை நிகழவிருக்கும் கணத்தில் உறவு தெரிந்து கை நிற்கும் கதையையே மிகச் சிறந்ததாகச் சொல்கிறார். வீழ்ச்சியே நிகழாத துன்பியல்! வகுப்பில் இதை யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. அவர் எழுதியது சோஃபக்ளீஸின் நாடகம் மேடையேறி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து. பார்த்ததை வைத்து அவர் ஆராய்ந்தார். நாடகங்களுக்குச் சட்டம் போடவில்லை.

ஒத்தெல்லோவில் சூத்திரம் இன்னும் பெரிய தீங்கு செய்கிறது. எல்லாம் அவன் பொறாமையால்தான் என்று எழுதிவிட்டால் அவனை ஏமாற்றும் இயாகோவின் சூழ்ச்சி பின்னுக்குப் போகிறது. முதல் காட்சியிலேயே ஒத்தெல்லோவின் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தும் வெனிஸ் நகரமும் மறைந்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவனிடம் மட்டும் குறை தேடும் பழக்கத்தை இலக்கிய வகுப்பே கற்றுக்கொடுத்தால், அந்தப் பழக்கம் வகுப்போடு நின்றுவிடாது.

தமிழ் மாணவருக்கு அரிஸ்டாட்டிலைப் புரியவைக்க நம்மிடமே நல்ல வழி இருக்கிறது. நாடகக் காப்பியம் என்று போற்றப்படும் சிலப்பதிகாரத்தில், பாண்டியன் பொற்கொல்லன் சொல்லை நம்பி, விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிடுகிறான். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறிக்கிறது. அந்தக் கணமே பிழையை உணர்ந்து உயிர் விடுகிறான். அறியாமல் செய்த பிழை, உணர்தல், வீழ்ச்சி மூன்றும் ஒரே கதையில். இதைக் காட்டிவிட்டு ஈடிபஸுக்குப் போகும் ஆசிரியருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

சூத்திரத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதைக் கடைசி வகுப்புக்குத் தள்ளிவைத்தால் போதும். முதலில் இடையன் வரும் காட்சியை மாணவர்கள் வாய்விட்டுப் படித்து நடிக்கட்டும். பிறகு சூத்திரத்தைக் கொடுத்து, அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று வாதிடச் சொல்லலாம். வினாத்தாள் தயாரிப்பவர்களும் மனம் வைக்க வேண்டும். 'ஈடிபஸின் குறையை விளக்குக' என்பதற்குப் பதிலாக, 'ஈடிபஸ் குற்றவாளியா? காட்சிகளைச் சான்று காட்டி வாதிடுக' என்று வரும் ஆண்டிலேயே கேளுங்கள்.