வண்ணம் பூசுமுன் எடுக்க வேண்டிய படம்

2024 டிசம்பரின் முதல் இரண்டு நாட்களை திருவண்ணாமலை மறக்கவில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் ஊறிய மலைச்சரிவு 1ஆம் தேதி வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் இறங்கியது. ஏழு பேர் மண்ணுக்கடியில் போனார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிடப்பட்ட தண்ணீர், தென்பெண்ணையின் குறுக்கே அகரம்பள்ளிப்பட்டில் ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டிய உயர்மட்டப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. அது திறக்கப்பட்டு மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இப்படி ஏதாவது நடந்ததும் ஒரு பேச்சு எழுகிறது. ட்ரோனைப் பறக்கவிடுவோம், படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுப்போம், விரிசலை அதுவே கண்டுபிடித்துச் சொல்லும் என்கிறார்கள். இது வெறும் ஆசைப்பேச்சு அல்ல. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் தன் கட்டுமானப் பணிகளை மாதந்தோறும் ட்ரோனில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2021இலேயே கட்டாயமாக்கிவிட்டது. பாலம், அணை, சாலை ஆய்வில் இந்தக் கருவி வரத்தான் போகிறது. வர வேண்டும் என்பதே என் நிலையும். ஆனால் அந்த இரண்டு நாட்களில் இது நம்மைக் காப்பாற்றியிருக்குமா என்ற கேள்வியை முதலில் நேர்மையாகக் கேட்டுவிட வேண்டும்.

பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 54 ஆயிரம் கன அடி நீர் போகும் கணக்கில் அது கட்டப்பட்டது, வந்ததோ அதைப் போலப் பல மடங்கு என்பது அரசுத் தரப்பு தந்த விளக்கம். அப்படியென்றால் வெள்ளத்துக்கு முந்தைய நாள் உலகின் மிகச் சிறந்த ட்ரோன் அந்தப் பாலத்தைச் சுற்றி வந்திருந்தாலும் குறை ஏதும் சொல்லியிருக்காது. புதுக் கான்கிரீட்டில் விரிசல் எங்கிருந்து வரும்? குறை கான்கிரீட்டில் இல்லை, கணக்கில் இருந்தது. மேலே அணை நிற்கும் ஆறு அது. அந்த அணை ஒரே நேரத்தில் எவ்வளவு நீரைத் திறந்துவிட முடியும் என்பது பொறியாளர் ஏட்டில் இருக்கிற எண். அந்த எண்ணையும் பாலத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க கேமரா தேவையில்லை.

ஆற்றுப் பாலங்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வெள்ளம் பாலத்தை மேலிருந்து உடைப்பதைவிட, தூணின் காலடி மணலை அரித்துச் சாய்ப்பதுதான் அதிகம். 1987இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஓடைப் பாலம் பத்து உயிர்களோடு விழுந்ததும் இந்த அரிப்பால்தான். வானத்தில் பறக்கும் கண்ணுக்குத் தண்ணீருக்கு அடியில் இருக்கும் பள்ளம் தெரியாது. அதற்கு ஒலி அலை அனுப்பி ஆழம் பார்க்கும் கருவி வேண்டும், இல்லையென்றால் கோடையில் ஆறு வற்றியபோது இறங்கிப் பார்க்கும் ஆள் வேண்டும். மணல் அள்ளிய தமிழக ஆறுகளில் இந்தச் சோதனைதான் முதலில் நடக்க வேண்டியது. பார்க்க அழகான ட்ரோன் படம் இந்த அவசரத்தை மறைத்துவிடுமோ என்பது என் பயம்.

மலைச்சரிவின் கதை வேறு, கற்றுத்தருவதும் வேறு. அதே 2024இன் ஜூலையில் கொல்கத்தாவில் தேசிய நிலச்சரிவு முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டது. முதற்கட்டமாக அது அறிக்கை தரத் தொடங்கியது டார்ஜிலிங், காலிம்போங், நீலகிரி மாவட்டங்களுக்கு. நீலகிரியில் மண் சரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே பல ஆண்டுப் பதிவுகள் இருக்கின்றன, கணினிக்குக் கற்றுக்கொள்ளப் பாடம் இருக்கிறது. திருவண்ணாமலையின் அண்ணாமலையோ சரியாத மலை என்றே ஊர் நம்பியிருந்தது. நடந்ததைப் பார்த்து நடக்கப்போவதைச் சொல்வதுதான் செயற்கை நுண்ணறிவின் வேலை. அதனால் முன்பு நடக்காத இடத்தில் அதன் மௌனத்தைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சரிவில் வீடுகள் ஏறியிருந்ததை ஊரே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. சரிந்த பிறகு வல்லுநர்கள் வந்தார்கள், மலையைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை என்று முடிவானது. அந்த முடிவை எடுக்கவைத்தது மலையை நேரில் பார்த்த மனிதர்களின் சொல்.

அப்படியானால் இந்தக் கருவியால் திருவண்ணாமலைக்கு என்ன பயன்? நிறைய இருக்கிறது. அதைக் காண அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும்.

பதினொரு நிலை, 217 அடி. கீழே கருங்கல், மேலே செங்கல்லும் சுண்ணாம்பும், அதன்மேல் சுதைச் சிற்பங்கள். ஒன்பதாவது நிலையில் ஒரு பொம்மையின் தோளுக்குப் பின்னால் அரசங்கன்று முளைத்தால் தரையில் நிற்கும் யாருக்குத் தெரியும்? அது வேர்விட்டுச் செங்கல்லைப் பிளந்த பிறகுதான் கண்ணில் படும். சாரம் கட்டி ஏறிப் பார்ப்பது திருப்பணிக் காலத்தில் மட்டும் நடப்பது. ட்ரோனோ மழைக்கு முன் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை ஒவ்வொரு நிலையையும் படம் எடுத்துவிடும். ஆயிரக்கணக்கான படங்களில் போன ஆண்டு இல்லாத பச்சை எங்கே இருக்கிறது, மயிரிழைக் கோடு எங்கே விரலளவு ஆகியிருக்கிறது என்று ஒப்பிட மனிதக் கண் சலித்துப்போகும், இயந்திரம் சலிக்காது. இதன் உண்மையான பலம் போன ஆண்டை மறக்காத இந்த நினைவுதான். கண்ணின் கூர்மையை நான் அதற்கு அடுத்தே வைப்பேன்.

அந்த நினைவு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை ஆந்திரத்தின் திருக்காளத்திக் கோயில் காட்டியது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய அதன் கோபுரத்தின் விரிசல் ஊரறிந்த பழைய விரிசல். அது விரிந்துகொண்டே போய் 2010 மே 26 அன்று கோபுரம் தரையாகியது. ஆட்களை முன்பே அப்புறப்படுத்தியதால் பல உயிர்கள் தப்பின. விரிசல் இருக்கிறது என்பது செய்தியே அல்ல, எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதுதான் செய்தி. நம் திருவண்ணாமலை ராஜகோபுரமும் கிருஷ்ணதேவராயர் காலத்தில் தொடங்கியதுதான்.

ஆனாலும் கணினியை அப்படியே நம்ப முடியாது. இந்த நிரல்கள் பெரும்பாலும் கான்கிரீட் சுவரின் படங்களையும் தார்ச்சாலைப் படங்களையும் பார்த்துப் பழகியவை. சுதையில் வெயிலுக்கு விடும் மேல்வெடிப்பும், செங்கல் கட்டையே பிளக்கும் வெடிப்பும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். பொம்மையின் ஆடை மடிப்பைக்கூட அது விரிசல் என்று குறித்துவிடும். நூறு பொய் எச்சரிக்கை வந்தால் நூற்றியொன்றாவதை யாரும் படிக்க மாட்டார்கள். பெரிய சேதம் அபூர்வமாக நடப்பது என்பதால், எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்லும் நிரலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்று மதிப்பெண் வாங்கிவிடும். விற்பனைக்கு வருகிறவர்கள் காட்டும் சதவிகிதத்தை அறநிலையத் துறை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். எத்தனை சரி என்பதை விட்டு, தவறவிட்டது எத்தனை என்று கேட்க வேண்டும்.

ஸ்தபதிகள் கல்லைத் தட்டி ஓசை கேட்பார்கள். நல்ல கல் மணிபோல ஒலிக்கும், உள்ளே பிளவு இருந்தால் ஓசை செத்துப்போகும். தட்டிக் கேட்பதை விட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் காட்டியது. அங்கே 2012 டிசம்பர் 2 அன்று சசாகோ சுரங்கப்பாதையின் கூரைப் பலகைகள் விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அவற்றைத் தாங்கிய போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சோதனை அங்கே பல ஆண்டுகளாக நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பாலங்களையும் சுரங்கங்களையும் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்த நாடு அதற்குப் பிறகு விதி செய்தது. இயந்திரங்களைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அனுமதி பிறகுதான் வந்தது. இந்த வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. தட்டிக் கேட்கும் ஆள் இருக்கிற இடத்தில் கருவி அவருக்குக் கூடுதல் காது. ஆளே இல்லாத இடத்தில் அது ஆள் இல்லாததற்கு ஒரு சாக்கு.

எச்சரிக்கை வந்த பின் நிறுத்துகிற கை யாருடையது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பழைய பாம்பன் ரயில் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. பொருத்திய உணரிகள் 2022 டிசம்பரில் சிவப்பு எச்சரிக்கை தந்தன. ரயில்வே அன்றே ரயிலை நிறுத்தியது. அதன்பின் அந்தப் பாலத்தில் பயணிகள் ரயில் ஓடவில்லை, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அங்கே கருவியும் இருந்தது, அதன் சொல்லைக் கேட்டு நிறுத்தும் அதிகாரமும் இருந்தது. கோபுரத்துக்கோ மலைச்சரிவுக்கோ அப்படி ஒருவர் யார்? கோயில் நிர்வாகமா, பொதுப்பணித் துறையா, மாவட்ட ஆட்சியரா? பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானவர்கள் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் வரும் ஊரில், சிவப்பு எச்சரிக்கை வந்த இரவு பாதையை மூடு என்று சொல்லும் பெயர் இப்போதே காகிதத்தில் இருக்க வேண்டும். ஆய்வு அறிக்கை ஊர் மக்கள் படிக்கும்படி தமிழில் வெளியாகவும் வேண்டும்.

கடைசியாக ஒன்று, சின்னதுபோலத் தோன்றும் விஷயம். அண்ணாமலையார் கோயில் குடமுழுக்கு 2017 பிப்ரவரி 6 அன்று நடந்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் அடுத்தது 2029. திருப்பணி தொடங்கியதும் சுதையைப் பூசி, வெடிப்பை அடைத்து, புது வண்ணம் அடிப்பார்கள். அந்த வண்ணத்துக்கு அடியில் அதுவரை வளர்ந்த எல்லாக் கோடுகளும் மறைந்துபோகும், ஒப்பிட எதுவும் மிஞ்சாது. சாரம் கட்டியதும், முதல் தூரிகை படுவதற்கு முன், பதினொரு நிலைகளையும் அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொரு விரிசலுக்கும் ஸ்தபதி ஒருவர் பக்கத்தில் நின்று, இது மேற்பூச்சு, இது உள்ளே போவது என்று சொல்லி எழுதிவைக்க வேண்டும். அந்த ஏட்டிலிருந்து கணினி கற்றுக்கொள்ளட்டும்.