சிறார் நலனும் திரைக்கலையும்

இளஞ்சிறார் காணத் தகாத காட்சிகள் சில உண்டு என்பதை மறுப்பார் இலர். கலைப்படைப்பு ஒன்றைச் சிதைத்தல் தவறு என்பதையும் கற்றோர் ஒப்புவர். இவ்விரு கடமைகளும் முரணும் இடமே திரைப்படத் தணிக்கையாகும். சிறாரைக் காத்தற்குப் படத்தை வெட்டுதல் வேண்டுமா, அன்றிக் காண்போரை வயதால் வரையறுத்தல் போதுமா என்பது ஆராயத்தக்கது.

இவ்வினாவைத் தெளிவாக எழுப்பியது இந்திய எழுத்தாளரும் இயக்குநருமான கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்காகும். கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே வைத்துக் காட்டும் குறும்படம் ஒன்றை அவர் 1968 இல் ஆக்கினார். அனைவரும் காணத்தக்கது என்னும் ‘யூ’ சான்றிதழை வேண்டினார். பம்பாயில் உடலை விற்று வாழும் பெண்களின் தெருவைக் காட்டும் பகுதி அதில் இருந்தது. தணிக்கையாளர் வயது வந்தோர்க்குரிய ‘ஏ’ சான்றிதழையே தர முன்வந்தனர். மேன்முறையீட்டின்போது, அப்பகுதியில் சில காட்சிகளை வெட்டின் ‘யூ’ வழங்கலாம் என மத்திய அரசு கூறிற்று. அப்பாஸ் உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு நடைபெறுகையில், வெட்டின்றியே ‘யூ’ வழங்க அரசு இணங்கியது.

அங்ஙனமாயின் முதலில் வெட்டக் கேட்டது எவர் நலன் கருதி என்னும் ஐயம் எழுகின்றது. மாளிகைக்கு எதிரே அத்தெருவை நிறுத்துவதே அப்படத்தின் கருத்து. ஒன்றை நீக்கின் மற்றதும் பொருளிழக்கும். 1970 இல் வெளியான தீர்ப்பு, தணிக்கையும் வயதுப் பகுப்பும் சட்டத்துக்கு ஏற்புடையன என்றது. ஆயினும், எப்பொருள் காட்டப்படுகின்றது என்பதினும் அஃது எவ்வாறு கையாளப்படுகின்றது என்பதையே நோக்குதல் வேண்டும் எனவும் அறிவுறுத்தியது. தணிக்கையாளர் பலர் மறந்துவிடும் நெறி இதுவே.

அப்பாசின் நிலைப்பாடும் முற்றும் குறையற்றது அன்று. ‘ஏ’ சான்றிதழ் காண்போரைக் குறைக்குமேயன்றிப் படைப்பைக் குறைப்பதில்லை. வெட்டோ காண்போர் அனைவர்க்கும் குறைபட்ட படைப்பையே அளிக்கின்றது. பொருளாசை சேரின் இக்கேடு மிகும். தமிழகத்தில் 2011 இல் கேளிக்கை வரிவிலக்குப் பெற ‘யூ’ சான்றிதழும் ஒரு நிபந்தனையாயிற்று. வளர்ந்தோர்க்கென எண்ணிய படமும் சலுகையை நாடித் தன்னைக் குறுக்கிக்கொள்ள இது வழிவகுத்தது. இந்தியாவில் 2024 இல் பெற்றோர் வழிகாட்டலுக்குரிய படங்களை 7, 13, 16 என்னும் வயதெல்லைகளால் பகுத்தமை இதனினும் நன்னெறியாகும்.

எனினும் சான்றிதழ் காவல் நிற்பது திரையரங்கு வாயிலில் மட்டுமே. தெமோதரையின் தோட்ட லயன்களில் பாட்டி முதல் பேரன் வரை ஓரறையில் ஒரே தொலைக்காட்சியைக் காண்கின்றனர். பெற்றோர் கொழுந்து பறிக்கச் சென்ற வேளையில் பிள்ளைகள் தனியே காண்பதும் உண்டு. அங்கு வயதுப் பகுப்பு பயன்படாது, வெட்டே வேண்டும் என்பார் கூற்று எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் வெட்டுவோர் கை எதில் விழுகின்றது? நாயகன் பத்துப்பேரை வீழ்த்தும் சண்டை தப்பிவிடுகின்றது. வறியோர் வாழ்வை உள்ளவாறு காட்டும் காட்சியோ ஐயத்துக்குள்ளாகின்றது. லயனிற் பிறந்த பிள்ளை வறுமையைத் திரையிற் கண்டுதான் அறியவேண்டும் என்பதில்லை. அதனைத் திரையில் மறைப்பதால் அப்பிள்ளை காக்கப்படுவதும் இல்லை; தன் வாழ்வு பேசத்தகாதது என்றே அது கற்றுக்கொள்ளும்.

ஆதலின், வயதால் பகுத்தல் அரசின் கடன். உடனிருந்து கண்டு பொருளுரைத்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய கடன். பின்னதைச் செய்யாதோர் கத்தரிக்கோலை நம்புதல் தம் கடமையைப் பிறர் கையில் ஒப்புவிப்பதாகவே முடியும்.